விண்டோஸ், லினக்ஸ் கோப்புப் பகிர்வில் உரிமையாளர் குழப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லினக்ஸ் சர்வர், அதனோடு இணைந்த பத்துப் பதினைந்து விண்டோஸ் கணினிகள். சிறு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் இந்த அமைப்புதான். "நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறக்க மறுக்கிறது" என்ற புகாரும் அங்கேதான் அதிகம். இங்குள்ள விடைகளில் பாதிக்கு மேல் சம்பா (லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) வழியாகப் பகிர்வோருக்கானவை. பென் டிரைவ், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதி), என்எஃப்எஸ் (லினக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு முறை) பயன்படுத்துவோருக்கும் சில உண்டு. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

விண்டோஸில் நான் சேமித்த கோப்பு, லினக்ஸில் பார்த்தால் வேறு யாரோ பெயரில் இருக்கிறது. எப்படி?

லினக்ஸ் எந்தக் கோப்போடும் பெயரைச் சேர்த்து வைப்பதில்லை. அது வைப்பது ஒரு பயனர் எண், ஒரு குழு எண், அவ்வளவுதான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை 'செல்வி' என்று காட்டுகிறதென்றால், அந்த நொடியில் 1001 என்ற எண்ணைப் பயனர் பட்டியலில் தேடிப் பெயராக்கிக் காட்டுகிறது. கைபேசியில் ஒரே எண்ணை ஒருவர் 'மாமா' என்றும் இன்னொருவர் 'கேஸ் கடை' என்றும் சேமித்திருப்பது போல, 1001 என்பது இந்தச் சர்வரில் செல்வி, பக்கத்துச் சர்வரில் முருகன். கோப்பில் எதுவும் மாறவில்லை, பட்டியல்தான் வேறு.

அதனால் எந்த உரிமையாளர் சிக்கலிலும் முதலில் பெயரை நம்பாதீர்கள். எல்எஸ் கட்டளைக்கு '-என்' கொடுத்து எண்ணைப் பாருங்கள். பிறகு ஐடி கட்டளையில் பயனர் பெயரைக் கொடுத்து, அவருக்கு எந்த எண், எந்தெந்தக் குழுக்கள் என்று பாருங்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

விண்டோஸ் பக்கத்தில் உரிமையாளர் இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் தெரிகிறதே?

அங்கேயும் அதே கதைதான், எண் மட்டும் நீளம். விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் எஸ்ஐடி என்ற அடையாள எண்ணைத் தருகிறது. எஸ்-1-5-21-க்குப் பின்வரும் மூன்று பெரிய எண்கள் அந்தக் கணினியையோ டொமைனையோ (பயனர் கணக்குகளை ஒரே மையத்தில் வைத்திருக்கும் கணினிக் கூட்டம்) குறிக்கும். கடைசி எண்தான் ஆளைக் குறிக்கிறது: 500 என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர், 501 என்றால் கெஸ்ட், சாதாரணப் பயனர்களுக்கு 1000-ஐ ஒட்டித் தொடங்கும். இப்படி வெறும் எண்ணாகவே தெரிந்தால், அந்த ஆளை இந்தக் கணினிக்குத் தெரியாது என்று பொருள். கணக்கு நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஹார்ட் டிஸ்க் வேறு கணினியிலிருந்து வந்திருக்கலாம்.

எஸ்-1-22-1 என்று தொடங்கினால் அது வேறு. அது சம்பா தானே கட்டிய எண். கடைசியில் நிற்பது லினக்ஸ் பயனர் எண்ணேதான். எஸ்-1-22-2 என்றால் குழு எண். 'இந்த லினக்ஸ் பயனருக்கு ஈடாக விண்டோஸில் யாரும் இல்லை' என்று சம்பா சொல்லும் வழி அது.

சம்பா இந்த இரண்டையும் எப்படி இணைக்கிறது?

1991 டிசம்பரில் கான்பெராவில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய மென்பொருள் சம்பா. விண்டோஸிலிருந்து ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்ததும், அவருக்குரிய லினக்ஸ் பயனராக அது தன்னை மாற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவர் செய்யும் ஒவ்வொரு செயலும் அந்த லினக்ஸ் எண்ணின் பெயரில்தான் நடக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "கோப்பு யாருடையது?" என்பதைவிட "சம்பா என்னை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறது?" என்பதே. சர்வரில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையை இயக்கினால், எந்தக் கணினியிலிருந்து யார், எந்த லினக்ஸ் பயனராக நுழைந்திருக்கிறார் என்று வரிசையாக வரும்.

டொமைன் இல்லாத சிறு அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பதிவுகள் வேண்டும். முதலில் லினக்ஸ் பயனர் கணக்கு. அடுத்து எஸ்எம்பிபாஸ்வேர்டு கட்டளைக்கு '-ஏ' கொடுத்துச் சேர்க்கும் சம்பா கடவுச்சொல். விண்டோஸ் பெயரும் லினக்ஸ் பெயரும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது. விண்டோஸ் பெயரில் இடைவெளி இருந்தாலோ, முழுப் பெயராக இருந்தாலோ, 'யூசர்நேம் மேப்' என்ற அமைப்பில் ஒரு கோப்பைக் காட்டி, இந்தப் பெயர் வந்தால் இந்த லினக்ஸ் பயனர் என்று எழுதிவிடலாம்.

எல்லாக் கோப்புகளும் 'நோபடி' பெயரில் வந்து விழுகின்றன.

சம்பாவின் அமைப்புகள் இருக்கும் எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில் 'மேப் டு கெஸ்ட்' என்ற வரி 'பேட் யூசர்' என்று இருக்கிறதா பாருங்கள். தெரியாத பெயரில் யார் வந்தாலும் மறுக்காமல், விருந்தினராக உள்ளே விடு என்பது அதன் பொருள். விருந்தினருக்கு வழக்கமாக நோபடி கணக்கு. அதன் எண் பெரும்பாலான லினக்ஸ்களில் 65534. பயனர் தன் பெயரில் நுழைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்வார். கோப்புகள் எல்லாம் நோபடி பெயரில் குவியும். பிழைச் செய்தி எதுவும் வராததால்தான் இது இவ்வளவு தூரம் போகிறது.

வெளிப்படையாகப் பொதுப் பகிர்வு நடத்தவில்லை என்றால் அதை 'நெவர்' என்று மாற்றுங்கள். மாற்றியதும் சிலருக்குக் கதவு அடைபடும். அவர்கள்தான் இதுவரை விருந்தினராக வந்தவர்கள், அவர்களுக்குக் கணக்கு திறந்து கொடுங்கள். விண்டோஸும் இந்த விருந்தினர் வழியை அடைத்துக்கொண்டே வருகிறது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் தொடங்கியது, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புரோ வகைக்கும் வந்துவிட்டது. "புதுக் கணினி வாங்கியதும் பகிர்வு திறக்கவில்லை" என்பவர்களில் பலருக்கு இதுவே காரணம்.

பொதுக் கோப்புறையில் செல்வி சேமித்ததை முருகன் திறக்க முடிகிறது, திருத்த முடியவில்லை. எப்படிச் சரிசெய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பொதுக் கோப்புறையின் சிக்கலை உரிமையாளரை மாற்றித் தீர்க்கப் பார்ப்பது வீண். உரிமையாளர் எப்போதும் ஒருவராகத்தான் இருக்க முடியும். பலர் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே இருப்பது குழு.

சம்பா புதிதாக உருவாக்கும் கோப்புக்கு 'கிரியேட் மாஸ்க்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0744 (கடைசி மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கான அனுமதி; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிய எண்). கோப்புறைக்கு 'டைரக்டரி மாஸ்க்' 0755. இரண்டிலும் குழுவுக்கு எழுதும் அனுமதி கிடையாது. யாரும் எதையும் தவறாகச் செய்யாமலே, ஒருவர் உருவாக்கியதை மற்றவர் திருத்த முடியாத நிலை வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. 'கணக்கு' என்று ஒரு குழுவை உருவாக்கி, உரியவர்களை அதில் சேருங்கள். சி-எச்-கிரூப் கட்டளையால் கோப்புறையின் குழுவை அதுவாக மாற்றுங்கள். சி-எச்-மாட் கட்டளையால் கோப்புறைக்கு 2770 கொடுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2-தான் இதில் உயிர்நாடி. உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும், உருவாக்கியவரின் சொந்தக் குழுவை விட்டுவிட்டு, கோப்புறையின் குழுவை எடுத்துக்கொள்ளச் செய்வது அது. பிறகு எஸ்எம்பி.கான்ஃபில் அந்தப் பகிர்வுக்குக் கீழே கிரியேட் மாஸ்க் 0660, ஃபோர்ஸ் கிரியேட் மோட் 0660, டைரக்டரி மாஸ்க் 2770, ஃபோர்ஸ் டைரக்டரி மோட் 2770. கூடவே 'வேலிட் யூசர்ஸ்' வரியில் அந்தக் குழுவின் பெயரை முன்னால் அட் குறியிட்டு எழுதுங்கள், மற்றவர்கள் நுழையவே மாட்டார்கள். டெஸ்ட்பார்ம் கட்டளையை ஒருமுறை இயக்கி எழுத்துப்பிழை இல்லை என்று உறுதிசெய்த பின் சம்பாவை மறுபடி ஏற்றுங்கள்.

இவை இனி வரும் கோப்புகளுக்கு. பழைய கோப்புகளுக்குக் குழுவையும் அனுமதியையும் ஒருமுறை கையால் மாற்ற வேண்டும். அப்போது கோப்புக்கு 660, கோப்புறைக்கு 2770 என்று ஃபைண்ட் கட்டளையால் பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒன்று கோப்புறைகள் திறக்காமல் போகும், அல்லது சாதாரண எக்செல் கோப்புகள் எல்லாம் இயக்கக்கூடிய நிரல்களாகிவிடும்.

எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் சில கோப்புகள் மட்டும் பழைய குழுவிலேயே வருகின்றன.

யாரோ தன் சொந்தக் கோப்புறையிலிருந்து அவற்றை வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒரே பகிர்வுக்குள், ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவது என்பது பெயர் மாற்றம் மட்டுமே. புதிய கோப்பு எதுவும் பிறப்பதில்லை, ஆகவே அந்த 2-க்கு வேலையே வருவதில்லை. பழைய உரிமையாளர், பழைய குழு, பழைய அனுமதி எல்லாம் அப்படியே கூட வரும். நகலெடுத்து ஒட்டினால் புதிய கோப்பு பிறக்கிறது, எல்லாம் சரியாக அமைகிறது. விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸிலும் இதே வழக்கம்தான்: ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதிகள் கூட வரும், நகலெடுத்தால் போய்ச்சேரும் இடத்தின் அனுமதிகள்.

பயனர்களிடம் "வெட்டி ஒட்டாதீர்கள்" என்று சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு அது இயல்பான வேலை. சொந்தக் கோப்புறைகளையும் பொதுக் கோப்புறைகளையும் வெவ்வேறு பகிர்வுகளாக வைப்பதே நல்லது. அப்போது விண்டோஸே நகலெடுத்து அழிக்கும் முறைக்குப் போய்விடும். அது முடியாத இடத்தில், இரவில் ஒருமுறை குழுவைச் சரிசெய்யும் சிறு ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரானில் போட்டுவிடுங்கள்.

முருகன் உருவாக்கிய எக்செல் கோப்பு, செல்வி திருத்தியதும் செல்வி பெயருக்கு மாறிவிட்டது. யாரும் உரிமையை மாற்றவில்லையே?

எக்செல், வேர்டு இரண்டும் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, பழையதை ஒதுக்கி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் ஒரு நல்ல நகல் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. லினக்ஸின் கண்ணுக்கு அது செல்வி உருவாக்கிய புத்தம் புதிய கோப்பு. கடைசியாகச் சேமித்தவர் யாரோ அவரே உரிமையாளர்.

மேலே சொன்னபடி குழு சரியாக இருந்தால் இது யாரையும் பாதிக்காது. உரிமையாளரை வைத்து டிஸ்க் இட ஒதுக்கீடு கணக்கிடும் இடங்களில் மட்டும் உறுத்தும். அங்கே 'இன்ஹெரிட் ஓனர்' அமைப்பை இயக்கினால், புதிய கோப்பு அதன் கோப்புறையின் உரிமையாளருக்கே சேரும்.

சி-எச்-மாட் 777 போட்டால் தீர்ந்துவிடுகிறதே, அதிலென்ன தவறு?

அது தீரவில்லை, மறைகிறது. 777 போட்ட அன்று இருந்த கோப்புகளுக்குத்தான் அந்த அனுமதி. நாளை உருவாகும் கோப்பு மறுபடி பழைய மாஸ்க்கின்படியே பிறக்கும், புகார் மறுபடி வரும், மறுபடி 777 போடுவீர்கள். அதற்குள் அந்தச் சர்வரில் ஓடும் ஒவ்வொரு நிரலும், வலைத்தளம் நடத்தும் நிரல் உட்பட, உங்கள் கணக்குக் கோப்புகளில் எழுதும் உரிமையைப் பெற்றுவிடும். ஒரே ஒரு விண்டோஸ் கணினியில் ரான்சம்வேர் புகுந்தால், அந்தப் பயனரால் எழுத முடிந்த எல்லாவற்றையும் அது பூட்டும். 777 போட்ட சர்வரில் 'எழுத முடிந்த எல்லாம்' என்றால் எல்லாமே. அனுமதிகளைக் குறுக்கி வைப்பது ஏட்டுக் கண்டிப்பு அல்ல, அந்த நாளில் மிஞ்சப்போவது எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

'ஃபோர்ஸ் யூசர்' போட்டு எல்லாரையும் ஒரே பயனராக்கிவிடலாமா?

ஸ்கேனர் கோப்புகளைக் கொட்டும் இடம், எல்லாரும் படிக்கும் நிரல் தொகுப்புகள் போன்றவற்றுக்குச் சரி. கணக்கு, ஊதியம், மாணவர் மதிப்பெண் போன்றவற்றுக்குக் கூடாது. யார் எதை மாற்றினார் என்ற தடயம் அழிந்துவிடும். பின்னால் ஒரு கேள்வி எழும்போது, செய்யாதவர் மீதும் சந்தேகம் விழும். 'ஃபோர்ஸ் குரூப்' போதுமானது. அதில் குழுப் பெயருக்கு முன் கூட்டல் குறி போட்டால், ஏற்கெனவே அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

என்னுடைய கோப்பை, அதை எழுத அனுமதி இல்லாத ஒருவர் அழித்துவிட்டார். எப்படி முடிந்தது?

லினக்ஸில் அழிப்பது என்பது கோப்பின் மீது செய்யும் வேலை அல்ல. கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கும் வேலை. கோப்புறையில் எழுத முடிந்தவர், உள்ளே இருப்பது யாருடையதானாலும் நீக்கலாம். இதைத் தடுக்கக் கோப்புறைக்கு ஸ்டிக்கி பிட் கொடுங்கள், அதாவது 2770-க்குப் பதில் 3770. பிறகு கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகி) ஆகியோர் மட்டுமே அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். ஆனால் எக்செல் சேமிக்கும் விதத்தை மேலே பார்த்தோம். பெயர் மாற்றத்தைத் தடுத்தால் ஒருவர் கோப்பை மற்றவர் எக்செலில் திருத்திச் சேமிப்பதும் தடைபடும். ஆகவே சேர்ந்து திருத்தும் கோப்புறைக்கு இது பொருந்தாது. ஆளுக்கொன்றாகக் கோப்புகளைக் கொண்டுவந்து போடும் இடத்துக்குப் பொருந்தும்.

குழுவில் சேர்த்துவிட்டேன். இன்னும் மறுக்கிறது.

குழுப் பட்டியல் நுழையும் நேரத்தில் ஒருமுறை படிக்கப்படுவது. விண்டோஸில் வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லுங்கள்.

சரியான கடவுச்சொல் கொடுத்தும் விண்டோஸ் பிழை 1219 என்கிறது.

ஒரு விண்டோஸ் கணினி ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போகாது. நீங்கள் ஏற்கெனவே வேறு பெயரில் உள்ளே இருக்கிறீர்கள், பெரும்பாலும் உங்களுக்கே தெரியாமல். பகிர்வைத் திறந்ததும் விண்டோஸ் முதலில் தன் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்காமலே கொடுத்துப் பார்க்கிறது. நெட் யூஸ் கட்டளையை இயக்கி இணைப்புகளைப் பாருங்கள், அதற்கே டெலீட் கொடுத்து அவற்றை அறுங்கள். கன்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தச் சர்வரின் பழைய கடவுச்சொல் இருந்தால் அதையும் நீக்குங்கள். உடனடி மாற்றுவழி வேண்டுமானால், சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியால் இணையுங்கள். விண்டோஸ் அதை வேறு சர்வராகக் கருதும்.

தலைகீழ் நிலை: விண்டோஸ் பகிர்வை லினக்ஸில் மவுன்ட் செய்தால் (ஒரு கோப்புறையாக இணைத்தால்) எல்லாமே ரூட் பெயரில். உரிமையாளரை மாற்றும் சி-எச்-ஓன் பலிக்கவில்லை.

பலிக்காது. அந்தக் கோப்புகளோடு லினக்ஸ் எண் எதுவும் சேமிக்கப்படவில்லை. மவுன்ட் செய்தவர் யாரோ அவர் பெயரை லினக்ஸ் எல்லாவற்றுக்கும் காட்டுகிறது. மவுன்ட் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்: யுஐடி (பயனர் எண்) 1000, ஜிஐடி (குழு எண்) 1000, ஃபைல் மோட் 0664, டிர் மோட் 0775. மவுன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் கடவுச்சொல்லை எழுதாமல், தனிக் கோப்பில் வைத்து 600 அனுமதி கொடுத்து, அந்தக் கோப்பைக் 'கிரெடென்ஷியல்ஸ்' என்று காட்டுங்கள்.

இப்படி அமைப்பது லினக்ஸ் காட்டும் தோற்றத்தை மட்டுமே. உண்மையில் எழுத அனுமதி உண்டா என்பதை விண்டோஸ் சர்வர், நீங்கள் எந்தப் பெயரில் நுழைந்தீர்கள் என்பதை வைத்தே முடிவுசெய்யும். இந்தப் பக்கம் 0775 என்று தெரிந்தும் எழுத முடியவில்லை என்றால், விண்டோஸ் பகிர்வின் அனுமதியையும் அதன் செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள அனுமதியையும் பாருங்கள். இரண்டில் எது குறுகலோ அதுதான் செல்லும்.

பென் டிரைவில் சி-எச்-ஓன் கொடுத்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்' என்கிறது. நான் ரூட்தானே?

பென் டிரைவ்களின் வழக்கமான வடிவங்களான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் உரிமையாளரைப் பதிந்து வைக்க இடமே கிடையாது. ரூட்டாலும் இல்லாத இடத்தில் எழுத முடியாது. இங்கும் மவுன்ட் செய்யும்போது யுஐடி, ஜிஐடி, யுமாஸ்க் கொடுப்பதே வழி. லினக்ஸ் கோப்புகளை உரிமையோடும் அனுமதியோடும் இதில் எடுத்துப்போக வேண்டுமானால், டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். உரிமை விவரம் டாருக்குள் பத்திரமாக இருக்கும். பிரிக்கும்போது ரூட்டாக, நியூமெரிக் ஓனர் தேர்வோடு பிரித்தால் எண்கள் மாறாமல் வரும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் எழுத மறுக்கிறது.

இது உரிமைச் சிக்கல் போலத் தோன்றும், பெரும்பாலும் அல்ல. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை முழுதாக அணைக்காமல் டிரைவைப் பாதி திறந்த நிலையில் விட்டுவிடுகிறது. அதைக் கண்ட லினக்ஸ், தரவு கெடக்கூடாதே என்று படிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போகலாம், ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாகவே மூடிக்கொள்கிறது. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் தேர்வுகளைத் தேடிப் போகாதீர்கள், கோப்புகள் போய்விடும்.

டபிள்யூஎஸ்எல்லில் எஸ்எஸ்ஹெச் சாவியின் (வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் கோப்பு) அனுமதி 0777 என்று சொல்லி மறுக்கிறது. 600 போட்டாலும் மாறவில்லை.

சாவி சி டிரைவில் இருக்கிறது. டபிள்யூஎஸ்எல்லில் விண்டோஸ் டிரைவுகள் இயல்பாக லினக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதில்லை. சாவியை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கே 600 கொடுங்கள். இதுவே சரியான இடம். சி டிரைவில்தான் வேலை நடக்க வேண்டும் என்றால், டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் ஆட்டோமவுன்ட் பகுதியில் 'மெட்டாடேட்டா' தேர்வைச் சேர்த்து, டபிள்யூஎஸ்எல்லை ஒருமுறை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள். அதன்பின் உரிமையும் அனுமதியும் என்டிஎஃப்எஸ் கோப்போடு கூடுதல் விவரமாகச் சேரும்.

கிட் (நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), 'டூபியஸ் ஓனர்ஷிப்' (சந்தேகத்துக்குரிய உரிமை) என்று சொல்லி வேலை செய்ய மறுக்கிறது.

2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல் உள்ள பாதுகாப்பு இது. வேறொருவருக்கு உரிய களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் கட்டளைகளை ஒளித்துவைத்து உங்களை இயக்க வைக்க முடியும் என்பதால், உரிமையாளர் நீங்கள் இல்லை என்றால் கிட் நின்றுவிடுகிறது. பகிர்வுகளிலும் டபிள்யூஎஸ்எல்லிலும் உரிமையாளர் வேறாகத் தெரிவதால் இது அடிக்கடி எழும். அந்த ஒரு கோப்புறையின் முழுப் பாதையை 'சேஃப்.டைரக்டரி' அமைப்பில் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதிக்கும் வழியும் உண்டு, அதைத் தவிருங்கள். அதே இடத்தில் எந்தக் கோப்பையும் தொடாமலே எல்லாம் மாறியதாகக் கிட் காட்டினால் 'கோர்.ஃபைல்மோட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

விண்டோஸிலிருந்து என்எஃப்எஸ் வழியாக எழுதினால் உரிமையாளர் 4294967294 என்று வருகிறது.

அது -2 என்ற எண்ணின் 32 பிட் முகம். உங்களுக்கு எந்த லினக்ஸ் எண் என்று விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்டுக்குத் தெரியாதபோது அனாமதேயராக -2 என்று சொல்லி நுழைகிறது. ரெஜிஸ்ட்ரியில் கிளையன்ட் ஃபார் என்எஃப்எஸ் பகுதியில் அனானிமஸ் யுஐடி, அனானிமஸ் ஜிஐடி என்ற இரண்டு டிவேர்டு மதிப்புகளைச் சேர்த்து, உங்கள் எண்களைக் கொடுத்தால் மாறும். ஆனால் அந்தக் கணினியில் அமரும் எல்லாருக்கும் அதே எண்தான். பழைய முறை என்எஃப்எஸ், கிளையன்ட் சொல்லும் எண்ணைச் சரிபார்க்காமல் நம்பக்கூடியது. பலர் மாறி மாறி அமரும் விண்டோஸ் கணினிகளுக்கு சம்பாவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

டொமைனில் இரண்டு சம்பா சர்வர்கள். ஒரே ஆளுக்கு இரண்டிலும் வெவ்வேறு எண்.

ஐடிமேப் (எஸ்ஐடியை லினக்ஸ் எண்ணாக்கும் சம்பாவின் பகுதி) பின்னணியாக டிடிபி இருந்தால் இப்படித்தான் ஆகும். முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாகக் கொடுக்கிறது. 'ரிட்' என்ற பின்னணியைப் போட்டு, இரண்டு சர்வரிலும் ஒரே எண் வரம்பைக் கொடுங்கள். எஸ்ஐடியின் கடைசி எண்ணிலிருந்தே கணக்கிடுவதால் எங்கும் ஒரே விடை வரும். முதல் கோப்பை ஏற்றுவதற்கு முன்பே இதை முடிவுசெய்யுங்கள். பின்னால் மாற்றினால் இருக்கும் கோப்புகள் அத்தனைக்கும் எண் மாற்ற வேண்டியிருக்கும்.

அனுமதிகளை விண்டோஸின் செக்யூரிட்டி பக்கத்தில் மாற்றலாமா, சி-எச்-மாட் வழியாகவா?

ஏதாவது ஒன்று, இரண்டும் வேண்டாம். விண்டோஸ் அனுமதிப் பட்டியல் லினக்ஸின் ஒன்பது எழுத்துகளைவிட நுணுக்கமானது. தனியாக மறுப்பு எழுதலாம், உரிமையை எடுத்துக்கொள்ளும் அனுமதியைத் தனியாகத் தரலாம். ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) எக்ஸேட்டர் என்ற சம்பா இணைப்பு, அதை அப்படியே கோப்போடு சேமிக்கிறது. ஆனால் யாராவது லினக்ஸ் பக்கத்தில் சி-எச்-மாட் கொடுத்தால், சேமித்த பட்டியலும் உண்மை நிலையும் பொருந்தவில்லை என்று கண்டு, சம்பா அந்தப் பட்டியலைப் புறக்கணித்துவிடும். விண்டோஸ் வழி என்று முடிவெடுத்தால் அந்தக் கோப்புறையை லினக்ஸில் தொடாதீர்கள்.

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறினோம். எல்லாருடைய கோப்புகளும் இடம் மாறித் தெரிகின்றன.

ரெட் ஹேட் 6 வரை பயனர் எண்கள் 500-இல் தொடங்கின, 7 முதல் 1000-இல். மேக் கணினியில் முதல் பயனர் 501. அதனால் டிஸ்க்கை அப்படியே மாற்றிப் பொருத்தினால் எண்கள் ஒத்துப்போகாது. புதிய சர்வரில் கணக்கு திறக்கும்போதே பழைய எண்ணைக் கொடுத்துத் திறப்பதுதான் வலி இல்லாத வழி.

அது நடக்கவில்லை என்றால், ஃபைண்ட் கட்டளையால் பழைய எண் கொண்ட கோப்புகளைத் தேடிப் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். யூசர்மாட் கட்டளையால் பயனரின் எண்ணை மாற்றினால் அவருடைய ஹோம் கோப்புறையில் உள்ளவை மட்டுமே தானாக மாறும், பகிர்வில் உள்ளவை மாறாது. வரிசையிலும் கவனம் வேண்டும். 1001-ஐ 1002 ஆகவும் 1002-ஐ 1001 ஆகவும் மாற்ற நினைத்து முதலாவதைச் செய்தால், இருவர் கோப்புகளும் 1002-இல் கலந்துவிடும், அதன்பின் பிரிக்கவே முடியாது. 1001-ஐ முதலில் 91001 போன்ற யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு ஒதுக்கி, 1002-ஐ மாற்றி, பிறகு ஒதுக்கியதைக் கொண்டுவாருங்கள். தொடங்குமுன் எண்களோடு ஒரு முழுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுக்கும்போது உரிமை போகாமல் இருக்க?

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ரூட்டாக, நியூமெரிக் ஐடிஸ் தேர்வோடு இயக்குங்கள். அது இல்லாவிட்டால் ஆர்சிங்க் பெயரை வைத்துப் பொருத்தப் பார்க்கும். ஏசிஎல் பயன்படுத்தினால் '-ஏ' பெரிய எழுத்திலும், கூடுதல் விவரங்களுக்கு '-எக்ஸ்' பெரிய எழுத்திலும் சேருங்கள். விண்டோஸ் பக்கத்தில் ரோபோகாப்பி இயல்பாகத் தரவு, பண்புகள், நேரம் மூன்றையும் மட்டுமே எடுக்கும். உரிமையாளரும் அனுமதிகளும் வேண்டுமானால் 'காப்பிஆல்' கொடுக்க வேண்டும்.

கெட்டுப்போன விண்டோஸ் கணினியின் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினேன். என் கோப்புகளை எனக்கே தர மறுக்கிறது.

அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, உங்கள் கோப்புறைக்கு மட்டும் டேக்ஓன் கட்டளையை, உள்ளே உள்ளவற்றையும் சேர்க்கும் ஆர் தேர்வோடு கொடுங்கள். பிறகு ஐகாக்ல்ஸ் கட்டளையால் உங்கள் பெயருக்கு முழு அனுமதி கொடுங்கள். உரிமையை எடுத்ததும் அனுமதி தானாக வந்துவிடாது, இரண்டும் தேவை. முழு டிரைவின் மீது இதைச் செய்யாதீர்கள். அந்த விண்டோஸை மறுபடி இயக்க நினைத்தால் எழும்பாமல் போகலாம்.

எண், குழு, மாஸ்க் எல்லாம் சரி. இன்னும் 'ஆக்சஸ் டினைடு'.

மூன்று இடங்கள் பாக்கி. ஒன்று, மேலே உள்ள கோப்புறைகள். பகிர்வு ஒருவருடைய ஹோமுக்குள் இருந்தால், அந்த ஹோமுக்குள் நுழைய மற்றவர்களுக்கு எக்ஸ் அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 முதல் ஹோம் கோப்புறை 750-ஆகவே உருவாகிறது. பகிர்வை எஸ்ஆர்வி கோப்புறைக்குக் கீழ் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு, ரெட் ஹேட், ஃபெடோரா வகைகளில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. கோப்புறைக்கு 'சம்பா ஷேர் டி' என்ற முத்திரை இல்லாவிட்டால், 777 கொடுத்தாலும் சம்பாவை உள்ளே விடாது. செமானேஜ் கட்டளையால் முத்திரையைப் பதிந்து, ரெஸ்டோர்கான் கட்டளையால் நடைமுறைப்படுத்துங்கள். எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்லும் ஆலோசனைகளை ஏற்காதீர்கள்.

மூன்று, அந்தப் பகிர்வில் 'ரீட் ஒன்லி' வரியை எழுதவே மறந்திருக்கலாம். எழுதாவிட்டால் சம்பா அதை 'யெஸ்' என்றே கொள்ளும். 'நோ' என்று எழுதி, சம்பாவை மறுபடி ஏற்றிவிட்டுப் பாருங்கள்.